கழற்றிய வரிசையைத் திருப்பினால் போதுமா?

பழைய மோட்டார் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு பாகத்தைக் கழற்றுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். படம் போட்டு, அம்புக்குறியிட்டு, எந்த நட்டை முதலில் தளர்த்த வேண்டும், எதை அப்புறம் தொட வேண்டும் என்றெல்லாம் விளக்கியிருப்பார்கள். அதே பாகத்தைத் திரும்ப மாட்டுவது எப்படி என்ற இடத்துக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் வேலை முடிந்தது என்று அந்த வரி சொல்லும்.

இளம் வாசகர்களை இதைப் போல ஏமாற்றும் வரி வேறொன்று இல்லை என்பது என் கருத்து. கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே வேலையின் முன்பக்கமும் பின்பக்கமும் அல்ல. அவை இரண்டு தனி வேலைகள். கழற்றும்போது நமக்கு வேண்டியது ஸ்பானரும் கைவலிமையும். மாட்டும்போது வேண்டியது அளவு. இதை ஓர் உண்மையான பொருளை வைத்தே பார்ப்போம். ஒரு பழைய விளையாட்டுக் காரின் ஸ்டியரிங் ரேக்கை எடுத்துக்கொள்கிறேன். காரணம், மற்ற பாகங்களில் பிழை இருந்தால் கார் நின்றுவிடும். ஸ்டியரிங்கில் பிழை இருந்தால் கார் ஓடும். அதுதான் ஆபத்து.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்பது இருவர் அமரும் சிறிய திறந்த கார். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரின் கான்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. இதை முற்றிலும் புதிய கார் என்று சொல்ல முடியாது. அதே கம்பெனியின் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் முன்சக்கர அமைப்பையும் ஸ்டியரிங்கையும் வைத்துக்கொண்டு, ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடலை மேலே பொருத்தினார்கள். ஹெரால்டு நமக்குப் புதிய பெயரல்ல. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அதைத் தயாரித்தார்கள்; பின்பு கெஸல் என்ற பெயரில் 1977 வரை அதன் வழித்தோன்றல் வெளிவந்தது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், சொல்வார். எனவே கவன்ட்ரியின் விளையாட்டுக் காரும் சென்னைத் தெருவில் ஓடிய குடும்பக் காரும் ஸ்டியரிங் விஷயத்தில் நெருங்கிய உறவினர்.

இந்தக் கார்களில் ஒரு வசதி உண்டு. என்ஜின் மூடியும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஸ்டியரிங் எப்படி இயங்குகிறது என்று காண இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

அமைப்பு எளிமையானது. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து இறங்கிவரும் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது ஒரு நீண்ட பற்சட்டத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தி நிற்கிறது. ரேக் என்பது இந்தப் பற்சட்டமே. பற்சக்கரம் சுழன்றால் சட்டம் இடமோ வலமோ நகரும். சட்டத்தின் இரு முனைகளிலும் பந்து மூட்டு வைத்த டை ராடுகள் உண்டு. அவை முன்சக்கரங்களின் ஸ்டியரிங் கரங்களைத் தள்ளவோ இழுக்கவோ செய்கின்றன. சுழற்சி நேர்கோட்டு இயக்கமாகி, மீண்டும் சக்கரத்தின் திருப்பமாகிறது. எல்லாவற்றையும் உள்ளடக்கிய இரும்புக் குழல், ரப்பர் புஷ்கள் சூழ, இரண்டு U வடிவப் போல்டுகளால் அடிச்சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கிறது.

கழற்ற வேண்டுமானால் டை ராடு முனைகளைச் சக்கரத்திலிருந்து விடுவிக்க வேண்டும். தண்டையும் பற்சக்கரத்தையும் இணைக்கும் இறுக்குப் போல்டை உருவ வேண்டும். U போல்டுகளை எடுத்தால் ரேக் கையில் வந்துவிடும். துருப் பிடிக்காத வண்டியில் ஒரு காலைப்பொழுது வேலை. இப்போது புதிய ரேக்கை, அல்லது பழுது பார்த்த பழையதை, மாட்ட வேண்டும். வரிசையைத் திருப்பினால் போதுமா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தண்டும் பற்சக்கரமும் சேரும் இடத்தில் நுண்ணிய வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை 36 என்று வைத்துக்கொண்டால், தண்டை 36 விதமாக மாட்டலாம். ஒவ்வொரு டை ராடு முனையையும் திருகும் மரையில் 10 சுற்று இடம் இருப்பதாகக் கொள்வோம். இடது பக்கம் 10 வழி, வலது பக்கம் 10 வழி. ஆக 36 × 10 × 10 = 3,600 வழிகள். இவற்றில் எதில் மாட்டினாலும் நட்டுகள் இறுகும், போல்டுகள் உட்காரும். ஒரு பாகமும் மறுப்புத் தெரிவிக்காது. ஆனால் சரியான வழி ஒன்றோ, அதைச் சுற்றியுள்ள சிலவோதான். கழற்றும்போது இந்த 3,600இல் எது என்ற கேள்வியே எழவில்லை. எந்த நிலையில் இருந்தாலும் ரேக் கழன்றுவிடும். கேள்வி பிறப்பதே மாட்டும்போதுதான். தலைகீழ் வரிசையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பற்சட்டத்தின் நடு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, குழலுக்குள் மறைந்திருக்கிறது. ரேக் தனியாக மேசைமேல் கிடக்கும்போதே பற்சக்கரத்தை ஒரு கோடிவரை சுழற்றி ஓர் அடையாளம் இட வேண்டும். பிறகு மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இது சுமார் 3¾ சுற்று. அதில் பாதி, 1⅞ சுற்று, அதாவது 675 பாகை திரும்பி வந்தால் அது நடு. ஸ்டியரிங் சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு, ரேக் நடுவில் நிற்கும்போது, அப்போதுதான் தண்டை இணைக்க வேண்டும். இந்தப் படிக்குக் கழற்றும் வேலையில் ஜோடி கிடையாது என்பதைக் கவனியுங்கள். கழற்றும்போது செய்யாத ஒன்றை எப்படித் தலைகீழாகச் செய்வது?

நடு தவறினால் என்ன நடந்துவிடும்? இதற்கு 200 ஆண்டு பழைய வடிவியல் ஒன்றை நினைவுகூர வேண்டும். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. எனவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக்கூடாது. மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டவர் பெயர் மறைந்து, மனுப் போட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. அது உலக வழக்கம்.

ஸ்பிட்ஃபயரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 83 அங்குலம், சுமார் 2.11 மீட்டர். இரு முன்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.24 மீட்டர். இது முழுவதும் வளைந்தால் 24 அடி, அதாவது 7.3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட சிறப்பு. உங்கள் கோணவியலைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஆக்கர்மன் விதிப்படி வெளிச்சக்கரம் சுமார் 35 பாகை திரும்ப வேண்டும், உள்சக்கரமோ 50 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். இடமும் வலமும் இந்த ஏற்பாடு ஒத்திருப்பது, நேராக ஓடும்போது ரேக் நடுவில் இருந்தால்தான். நடு தவறிய காரில் ஒரு பக்கம் வளைவது அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். வலப்பக்கம் ஒரே மூச்சில் திரும்பும் கார், இடப்பக்கம் திரும்ப ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும்.

இங்கே பட்டறைகளில் நடக்கும் ஒரு தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். நடு தவறினால் கார் நேராகப் போகையில் ஸ்டியரிங் சக்கரம் சாய்ந்து நிற்கும். வாடிக்கையாளர் முறையிடுவார். உடனே ஸ்டியரிங் சக்கரத்தை அதன் நட்டைத் தளர்த்திக் கழற்றி, நேராக வைத்து, மறுபடி இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். சாய்ந்து நின்ற சக்கரம் குற்றவாளி அல்ல, சாட்சி. சாட்சியின் வாயை அடைத்தாகிவிட்டது. குற்றம் அப்படியே இருக்கிறது. காய்ச்சல் காட்டும் தர்மாமீட்டரை உதறி இறக்கிவிட்டு நோய் தீர்ந்தது என்பது போலத்தான் இதுவும்.

அடுத்து ரப்பர் புஷ்கள். ரேக் இடமும் வலமும் நகராதபடி அவை அழுத்தத்தோடு இருக்க வேண்டும். U போல்டுகளைச் சும்மா இறுக்கினால் போதாது. வெளிப்பக்கமாகத் தள்ளி, ரப்பரைச் சற்று நசுக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இதற்கும் கழற்றும் வேலையில் ஜோடி இல்லை. நட்டைத் தளர்த்திய கணமே அழுத்தம் தானாக விடுபட்டுவிட்டது, நாம் கவனிக்கவும் இல்லை.

அந்த அழுத்தம் இல்லாவிட்டால் எவ்வளவு கெடுதி? ரேக் 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய நகர்வு, அவ்வளவுதான். ஸ்டியரிங் கரத்தின் நீளம் 12 செ.மீ. எனக் கொண்டால், சக்கரம் ஏறத்தாழ 1 பாகை திரும்பும். 60இல் 1 பங்குச் சரிவு என்று சொல்லலாம். கார் அப்போது 2.11 × 60, அதாவது சுமார் 127 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடத் தொடங்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், டயரின் வழுக்கலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரே விநாடியில் கார் தன் நேர்ப்பாதையிலிருந்து 1 மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். ஓட்டுபவர் தன்னறியாமல் ஸ்டியரிங்கை அசைத்து அசைத்து இதைத் திருத்திக்கொண்டே இருப்பார். இறங்கியதும், இந்தக் கார் நீண்ட பயணத்துக்கு ஆகாது, கை வலிக்கிறது என்பார். கார்மேல் பழி!

ரப்பரே வேண்டாம், அலுமினியக் கட்டைகளை வைத்து இறுக்கிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போரில் பலர் அப்படியே செய்கிறார்கள். ரேக் அசையாது, ஸ்டியரிங் உடனே பதில் சொல்லும். ஆனால் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேரே கைக்கு வந்து சேரும். எனக்கு ரப்பர்தான் பிடிக்கும். ஒழுங்காக அழுத்தி மாட்டினால் குறையொன்றும் இல்லை.

டை ராடுகளுக்கு வருவோம். பலர் கையாளும் வழி இது: பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிவைத்து, புதியதை அதே எண்ணிக்கையில் திருகிவிடுவது. கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். தலைகீழ் வரிசையின் உச்சக்கட்டம் அல்லவா! ஆனால் முன்பு மாட்டியவர் தவறாக மாட்டியிருந்தால்? அவருடைய பிழையை நாம் பயபக்தியோடு நகல் எடுக்கிறோம். 40, 50 ஆண்டு வயதான காரில் நமக்கு முன் எத்தனை பேர் கைவைத்தார்கள் என்று யார் கண்டார்கள்? எண்ணிவைப்பது காரைப் பட்டறைவரை ஓட்டிச்செல்ல உதவும். அளப்பதற்கு அது ஈடாகாது.

அளக்க வேண்டியது என்ன? இரு முன்சக்கர விளிம்புகளுக்கு இடையே முன்பக்கத்தில் உள்ள தூரத்தையும் பின்பக்கத்தில் உள்ள தூரத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கலாம். கையேட்டில் சொன்ன அளவைவிட 3 மி.மீ. கூடிவிட்டது என்று வையுங்கள். விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 36 செ.மீ. 360இல் 3 என்பது 120இல் 1 பங்கு. அதை இரண்டு சக்கரங்களும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 240இல் 1 பங்கு. கார் 1 கிலோமீட்டர் முன்னே போகும்போது ஒவ்வொரு டயரும் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது என்று பொருள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போனால் சுமார் 2 கிலோமீட்டர் தூரம் ரப்பரைச் சாலையில் வைத்துத் தேய்த்ததாக ஆகும்!

இந்த அளவை எடுக்கும்போது கார் தன் சொந்த எடையில் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் பொய்யான விடைதான் வரும். சக்கரம் தொங்கும்போது சஸ்பென்ஷன் கரம் ஒரு வட்ட வில்லிலும் டை ராடு வேறொரு வட்ட வில்லிலும் இறங்குகின்றன. அதனால் சக்கரத்தின் கோணம் மாறிவிடுகிறது. பக்கவாட்டில் காரின் கீழே கையை நீட்டுவதானால் ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

சில சின்ன விஷயங்கள் உண்டு. நைலான் வளையம் வைத்த நட்டுகளை ஒரு முறை கழற்றினால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும், புதியவற்றையே போட வேண்டும். பந்து மூட்டின் கூம்பு முனை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உட்கார வேண்டும். ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளக் கூடாது.

இவற்றோடு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து, ஸ்டியரிங் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஹாரன் ஊமையாகிவிடும்! ஸ்டியரிங்குக்கும் ஹாரனுக்கும் என்ன சம்பந்தம்? இந்த வகைக் கார்களில் ஹாரனின் மின்சுற்று, ஸ்டியரிங் தண்டு வழியாக இறங்கி, ரேக் வழியாக அடிச்சட்டத்தை அடைந்தால்தான் முழுமை பெறும். ஆனால் தண்டின் கீழ் இணைப்பில் ரப்பர் இருக்கிறது, ரேக்கைச் சுற்றியும் ரப்பர் இருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே அந்த ரப்பர்களைத் தாண்டிச் செல்லச் சிறு கம்பிப் பட்டை ஒன்றை இணைத்திருப்பார்கள். துருப் பிடித்து எப்போதோ அறுந்து விழுந்த அந்தப் பட்டையைக் கழற்றும்போது நாம் பார்த்திருக்கவே மாட்டோம். பார்க்காத பொருளைத் தலைகீழ் வரிசையில் எப்படி மாட்டுவது? சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தவருக்கு மட்டுமே அது இல்லாதது கண்ணில் படும்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கையேடு எழுதியவர்கள் சோம்பேறிகள் அல்லர். இத்துறையில் பெரும் பெயர் பெற்ற ஜான் ஹேய்ன்ஸ் 1938இல் இலங்கையில் பிறந்தவர். அவர் தந்தை அங்கே தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றினார். ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற காருக்கான தம் முதல் பழுதுபார்க்கும் கையேட்டை அவர் 1966இல் வெளியிட்டார். கம்பெனி தரும் கையேடு சாதாரண மனிதனுக்குப் பயன்படவில்லை என்று கண்டு, காரை உண்மையிலேயே கழற்றி, உண்மையிலேயே மாட்டி, ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார். 2019இல் அவர் மறைந்தார். அப்படிப்பட்டவரின் கையேடுகளிலும் அந்தத் தலைகீழ் வாசகம் அடிக்கடி வந்து, பின்னாளில் கேலிக்குரிய பேச்சாகவே ஆகிவிட்டது. எந்தப் பாகம் எதை மறைக்கிறது என்ற அளவில் அந்த வாசகம் சரிதான். U போல்டுக்கு முன் டை ராடை மாட்டிவிட்டுத் திணறக்கூடாது அல்லவா? ஆனால் அது வரிசையை மட்டும் சொல்கிறது, நிலையைச் சொல்வதில்லை.

இன்னொரு மறுப்பும் வரும். இப்போதுதான் வீல் அலைன்மென்ட் எந்திரங்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டனவே, எப்படி மாட்டினாலும் அங்கே சரி செய்துவிடுவார்களே என்பார்கள். அந்த எந்திரம் சக்கரங்களின் கோணத்தை நூலிழைத் துல்லியத்தில் காட்டும், உண்மை. ஆனால் இரும்புக் குழலுக்குள் பற்சட்டம் எங்கே நிற்கிறது என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. நடு தவறிய ரேக்கை வைத்துக்கொண்டே சக்கரங்களை மிக அழகாக நேராக்கிக் கொடுத்துவிடும். மின்மோட்டார் உதவியோடு இயங்கும் இக்காலத்து ஸ்டியரிங்குகளிலும் இந்தச் சிக்கல் ஒழியவில்லை. ரேக்கை மாற்றினால், நேர் எது என்று கோண உணரிக்கு மறுபடியும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிச் செய்முறை வகுப்பிலும் இதே மனப்பான்மைதான் நிலவுகிறது. சைக்கிள் பம்பையோ மின்மணியையோ பிரித்துக் காட்டிப் பாகங்களின் பெயரை எழுதச் சொல்கிறோம். மதிப்பெண் அதோடு முடிந்துவிடுகிறது. திரும்பப் பூட்டுவது உதவியாளர் வேலை என்று விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் பிரித்ததற்கு 2 மதிப்பெண், பூட்டி இயக்கிக் காட்டியதற்கு 8 என்று பிரித்துக் கொடுப்பேன்.

ரேக்கைச் சரியாக மாட்டினோமா என்று சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆளில்லாத சமமான மைதானமும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் போதும். ஓட்டத் தெரிந்தவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை திருப்பி, நடைவேகத்தில் ஒரு முழு வட்டம் அடிக்கட்டும். கார் நகர்ந்து போன பின், வெளிப்பக்க முன் டயர் சென்ற தடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வலப்பக்கமும் அப்படியே. ஸ்பிட்ஃபயரானால் இரண்டும் 7.3 மீட்டரை ஒட்டி, ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். ஒன்று 7, மற்றது 8 என்று வந்தால் ரேக் நடுவில் இல்லை. லாக் நட்டுகளைத் தளர்த்தி, ஒரு பக்க டை ராடை எத்தனை சுற்றுச் சுருக்குகிறோமோ மறுபக்கத்தை அத்தனை சுற்று நீட்டி, மீண்டும் வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வட்டமும் ஒத்துவந்த பிறகு ஸ்டியரிங் சக்கரம் சாய்ந்து நின்றால், இப்போது அதைக் கழற்றி நேராக வைத்துக்கொள்ளலாம்.